கடல்மீன் வளர்ப்பும் நுரைநீக்கியும்

கல்லூரியின் யூபிலி மலரிலே மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், விஞ்ஞானகூடத்திற் கற்ற கல்வி வீட்டுக் கூடத்திலும் பயன்பட வேண்டும் என்பது எமது கொள்கை. மேற்பரப்பிழுவிசை பற்றிப் படித்துப் பரீட்சையிற் சித்தியும் எய்திய ஒருவர், பின்னாளிலே கடல்மீன்களை வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் இட்டு, அவை ஒவ்வொன்றாக இறப்பதைக் கண்டு, "நமக்கு இராசியில்லை" என்று கைவிரிப்பாராயின், அக்கல்வி ஏட்டளவில் நின்றுவிட்டது என்றே கூறல் வேண்டும். மீன் இறப்பது இராசியினால் அன்று, நீரினால்.

யாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது ஒன்றே. கடல்மீன் வளர்க்க எண்ணுபவர் மீனுக்கு முன் நுரைநீக்கியை வாங்குவாராக. அதனைப் பொருத்தி, பதம் கண்டபின் மீனைத் தேடுவாராக. அதற்குச் செலவிடப் பணமோ, அதைக் கழுவப் பொழுதோ இல்லாதவர் நன்னீர் மீன்களோடு அமைவாராக. அதில் இழுக்கொன்றும் இல்லை.

கடைக்காரர் 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்று கூறும் உபகரணத்தையே நுரைநீக்கி என்கின்றோம். அது ஏன் இன்றியமையாதது என்பதை அறியக் கடலுக்கும் தொட்டிக்கும் உள்ள வேற்றுமையை முதலில் நோக்குவோம். கடலிலே மீனின் கழிவு கடலிற் கரைத்த பெருங்காயம் போல இருந்த இடந் தெரியாது மறைந்துவிடும். நான்கு அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியோ 9 கனவடி கொள்ளும். அஃதாவது ஏறத்தாழ 255 லீற்றர். மணலும் பாறையும் இட்டு, விளிம்பிற் சிறிது வெளிவிட்டால், எஞ்சுவது 200 லீற்றரளவே. இதிற் கரைந்த பெருங்காயம் எங்கே போகும்? உண்ணாது விட்ட உணவும், மலமும், மீனின் தோலிலிருந்து கழியும் சளியும் அழுகி அமோனியாவாகும். பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும். இவற்றுள் முதலாவது கொடிய நஞ்சு. மூன்றாவது அத்துணைக் கொடிதன்று. எனினும் சேரச் சேரப் பாசியைப் பெருக்கும், பவளங்களை வாட்டும். அழுகுதலுக்கு ஒட்சிசனும் செலவாகும். ஒரே வெப்பநிலையில் நன்னீரிலும் பார்க்கக் கடல்நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்த ஒட்சிசனையே கரைத்து வைத்திருக்கும். எங்கள் நாட்டு வெப்பத்தில் அது இன்னும் குறையும்.

பஞ்சு வடிகட்டி அழுக்கைப் பிடிக்கும். ஆனால், நாம் எடுத்துக் கழுவும்வரை அவ்வழுக்கு நீரினுள்ளேதான் கிடந்து அழுகும். நுரைநீக்கியோ அழுகுமுன்னரே அதனை நீரைவிட்டு வெளியேற்றும். இதுவே அதன் தனிச்சிறப்பு.

அது தொழிற்படும் முறை எளியது. புரத மூலக்கூற்றின் ஒரு பகுதி நீரை நாடும். மற்றொரு பகுதி நீரை வெறுக்கும். ஆதலால் நீரும் காற்றும் சந்திக்கும் எல்லை எங்கே கிடைத்தாலும் அங்கே சென்று ஒட்டிக்கொள்ளும். சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வர, நம் தாய்மார் அகப்பையால் அதனை ஒதுக்கி எடுப்பதைக் கண்டிருக்கின்றோம். காற்றடிக்கும் காலத்திலே கடற்கரையில் வெண்ணுரை ஒதுங்குவதையும் கண்டிருக்கின்றோம். நுரைநீக்கி இவ்விரண்டையும் ஓர் உருளையினுள்ளே செய்கின்றது. உருளையிலே நுண்ணிய காற்றுக் குமிழிகள் நீரோடு கலக்கின்றன. புரதமும் பிற சேதனப் பொருள்களும் குமிழிகளில் ஒட்டுகின்றன. நுரை கழுத்து வழியே ஏறி, மேலுள்ள கிண்ணத்தில் வழிந்து, தேயிலைச் சாயம் போன்ற கபில நிறக் கழிவாகத் தங்குகின்றது.

குமிழி சிறிதாதல் வேண்டும் என்பதைக் கணக்கே காட்டும். மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். ஒரு லீற்றர் காற்றை 5 மில்லிமீற்றர் விட்டமுள்ள குமிழிகளாக்கினால் அவற்றின் மொத்தப் பரப்பு 1.2 சதுர மீற்றர். 1 மில்லிமீற்றர் குமிழிகளாக்கினால் 6 சதுர மீற்றர். அரை மில்லிமீற்றர் ஆக்கினால் 12 சதுர மீற்றர். காற்று ஒன்றே, அழுக்கு ஒட்டும் இடமோ பத்து மடங்கு. கடல்நீரின் உப்பு, குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருப்பதைத் தடுக்கின்றது. நன்னீரில் அவை விரைவிற் சேர்ந்துவிடும். வீட்டு நுரைநீக்கி கடல்நீர்த் தொட்டிக்கே உரியதாய் இருப்பதன் காரணம் இதுவே.

இனி, தெரிவு. கடைகளிற் கிடைப்பவற்றை மூவகையாகக் கொள்ளலாம். முதலாவது, காற்றுப் பம்பியும் மரத்தாலான காற்றுக்கல்லும் கொண்ட பழைய வகை. விலை குறைவு, குமிழி நுண்மையானது, ஆனால் மரத்துண்டு சில கிழமைகளில் அடைபட்டுவிடும், மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். இரண்டாவது, நீர் விரைந்து செல்லும் ஒடுங்கிய குழாய் தானே காற்றை இழுக்கும் வெந்தூரி வகை. மூன்றாவது, பம்பியின் சுழலும் பாகத்தில் ஊசிகள் நிறைந்து, இழுத்த காற்றைச் சிதைத்து நுண்குமிழியாக்கும் ஊசிச்சக்கர வகை. இக்காலத்திற் பெரிதும் வழங்குவது இம்மூன்றாவதே. இல்லத்துக்கு ஏற்றதும் இதுவே என்பது எமது அபிப்பிராயம். 200 லீற்றர் நீருக்குரிய ஒன்று ஏறத்தாழ 15 வாற்று மின்சாரம் கொள்ளும் என வைத்துக்கொண்டால், இரவு பகலாக ஓடினும் மாதமொன்றுக்கு 11 அலகுகளுக்கு மேற் செல்லாது.

பருமனைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. பெரிதாயின் நல்லது என்று கருதி, 200 லீற்றர் தொட்டிக்கு ஆயிரம் லீற்றருக்குரிய கருவியை வாங்குவோர் உளர். குமிழியைத் தாங்கி நிறுத்தப் போதிய புரதம் இல்லாதவிடத்து, அகன்ற கழுத்திலே நுரை ஏறாது. பாதி வழியில் உடைந்து விழும். தயாரிப்பாளர் பெட்டியின்மேல் அச்சிடும் அளவோ பெரும்பாலும் மீன் குறைந்த தொட்டியைக் கருதியது. ஆகவே உண்மை நீரளவைக் கணித்து, அதனின் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்குவரை குறித்த கருவியைத் தெரிவதே விவேகம். நீர் 80 லீற்றருக்கு உட்பட்டதாயின், கிழமைதோறும் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்குவரை நீர் மாற்றுபவர் நுரைநீக்கியின்றியும் சமாளிக்கலாம். இவ்வொரு விலக்கை யாமும் ஏற்கின்றோம்.

வைக்கும் இடமும் கருதற்பாலது. தொட்டியின் விளிம்பிலே தொங்கவிடுவன உண்டு. தொட்டிக்கு வெளியே நிற்பன உண்டு. தொட்டியின் கீழே அலுமாரியுள் மறைந்திருக்கும் கீழ்த்தொட்டியில் நிற்பன உண்டு. இடமுள்ளவர் கீழ்த்தொட்டியையே தெரிவு செய்க. நுரை மிகுந்து வழிந்தாலும், மூட்டுக் கசிந்தாலும், நீர் கீழ்த்தொட்டியிலேயே விழும், தரை நனையாது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். மின் நின்றவுடன் மேற்றொட்டியின் நீரும் நுரைநீக்கியின் நீரும் கீழே இறங்கும். அவ்விரண்டையும் ஏற்கக் கீழ்த்தொட்டியில் வெற்றிடம் விட்டிருத்தல் வேண்டும். மின் மீளும்போது நீர்மட்டம் உயர்ந்திருப்பதால் கிண்ணம் சில நிமிடங்களில் நிரம்பி வழியக்கூடும். அதனையும் கவனித்தல் வேண்டும்.

பொருத்தும்போது முதன்மையானது நீர்மட்டம். நீர் ஆவியாகும்போது மட்டம் தாழும். மட்டம் தாழ்ந்தால் நுரையும் தாழும். ஆதலின் கீழ்த்தொட்டியை இடைச்சுவரால் அறைகளாகப் பிரித்து, நுரைநீக்கி நிற்கும் அறையில் மட்டம் மாறாதிருக்கச் செய்வர். தயாரிப்பாளர் குறித்த ஆழத்துக்கு நீர் மிகுதியாயின், கருவியைச் சிறு பீடத்தின்மேல் உயர்த்தி வைக்கலாம். ஆவியாகிய நீரை நன்னீரினாலேயே ஈடுசெய்தல் வேண்டும், உப்பு ஆவியாவதில்லையன்றோ? ஆனால் கிண்ணத்தில் வழிந்தது உப்புநீர். தானாக நன்னீர் விடும் பொறி வைத்திருப்பவர் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்க. கிண்ணம் அளவின்றி வழிய, பொறி அதற்கீடாக நன்னீரை விட்டுக்கொண்டேயிருந்தால், தொட்டியின் உப்பு படிப்படியாகக் குறைந்து, காலையிலே உயிரினங்கள் துவண்டு கிடக்கும்.

புதிய கருவி முதல் நாளிலேயே ஒழுங்காக நுரைக்கும் என எதிர்பார்த்தல் ஆகாது. அதன் சுவரிற் படிந்திருக்கும் எண்ணெய்ப் பசை நீங்கும்வரை சில நாள் தொடக்கம் இரு கிழமைவரை அது ஒருகால் பொங்கும், ஒருகால் வாளாவிருக்கும். பொறுமையற்றவர் மணிக்கொரு தரம் வால்வைத் திருகுவர். ஒருமுறை சிறிது திருப்பி, ஒரு நாள் காத்திருந்து பார்ப்பதே முறை. நீர்மட்டத்தை உயர்த்தினால் நுரை ஈரமாகி, வெளிறிய கழிவு நிறைய வரும். தாழ்த்தினால் நுரை உலர்ந்து, கரிய தடித்த கழிவு சிறிதே வரும். இடைப்பட்ட பதமே இல்லத்துக்குப் போதுமானது. உணவிட்டவுடன் நுரை அடங்கினால் அஞ்சவேண்டா. உணவின் கொழுப்பு நுரையை உடைக்கும். சில மணி நேரத்தில் நிலை மீளும். மாறாக, சில மருந்துகள் நுரையை அளவின்றிப் பொங்கச் செய்யும்; அப்போது நிறுத்தி வைத்தலே தகும்.

இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கிண்ணத்தையும் கழுத்தையும் கழுவுதல் வேண்டும். கழுத்தில் பசை படிந்தால் நுரை ஏறாது. காற்றுக் குழாயின் வாயில் உப்புப் படிந்து அடைக்கும். வெந்நீர் விட்டால் கரையும். சில மாதங்களுக்கொருமுறை பம்பியைக் கழற்றி வினாகிரி கலந்த நீரில் ஊறவைத்தால் சுண்ணாம்புப் படிவு நீங்கும். இதற்கெல்லாம் கிழமைக்கு அரை மணி நேரம் போதும். அவ்வரை மணி நேரந்தான் மீனின் ஆயுள்.

இவ்வளவு கூறியதனால் நுரைநீக்கி சகல நோய்க்கும் சஞ்சீவி என்று கொள்ளற்க. மீனின் செவுள் வழியே நேராகக் கழியும் அமோனியாவை அது நீக்காது. உருவாகிவிட்ட நைத்திரேற்றையும் நீக்காது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக இரசாயனப் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், நீரிற் கரைந்துள்ள சேதனக் காபனில் ஏறத்தாழ 20 முதல் 35 சதவீதத்தையே நுரைநீக்கிகள் அகற்றின எனக் காட்டின. மாதிரிக்கு மாதிரி இருந்த வேறுபாடும் பெரிதன்று. இதிலிருந்து யாம் பெறும் பாடம் இரண்டு. ஒன்று, விலையுயர்ந்த பெயருக்காகப் பணத்தை இறைக்க வேண்டுவதில்லை. மற்றது, எஞ்சிய பங்கைப் பாறையிலும் மணலிலும் வாழும் பற்றீரியாவும், நீர் மாற்றுதலும், எல்லாவற்றுக்கும் மேலாக வளர்ப்பவரின் அடக்கமுமே கவனிக்க வேண்டும். மீனைக் குறைவாக இடுதலும், உணவை அளந்து இடுதலும் எந்தக் கருவியினும் மேலானவை.

சிலர், "நுரைநீக்கி பயனுள்ள நுண்ணுயிர்களையும் நுண்சத்துக்களையும் சேர்த்தே அகற்றுகின்றது, ஆகவே வேண்டா" என்பர். சிறிதளவு அகற்றுவது மெய்யே. எனினும் களை பிடுங்கும்போது இரண்டொரு பயிர் வருமென்று களையை விட்டுவைக்கும் கமக்காரன் இல்லை.

இத்துணை வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அழகுக் கடல்மீன்களைப் பிடித்து விற்கும் உலக வணிகம் 1930களில் இலங்கையிலேயே தொடங்கியதாகக் கூறுவர். நம் கடலின் வண்ணாத்திப்பூச்சி மீனும் கோமாளி மீனும் இன்றும் கடல் கடந்து செல்கின்றன. கோமாளி மீன் போன்ற சில இனங்கள் தொட்டியிலே குஞ்சு பொரிக்கின்றன. ஏனைய மிகப் பல இன்னும் பவளப்பாறையிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. அப்பாறைகளோ 1998 ஆம் ஆண்டின் கடல் வெப்பத்தால் வெளிறிப் பெரிதும் அழிந்தவை. நம் கடலிலிருந்து பவளக்கல்லைப் பெயர்ப்பதையும் சட்டம் தடுத்துள்ளது. ஆதலின் தொட்டிக்குச் செயற்கைப் பாறையே தகும். தொட்டியில் ஒரு மீன் இறந்தால் அதனிடத்துக்கு மற்றொன்று கடலிலிருந்து பிடிக்கப்படும். நல்ல நீரிற் கோமாளி மீன் பத்தாண்டுக்கு மேலும் வாழும் இயல்பினது. அதனைப் பத்துக் கிழமையிற் கொல்பவர் தம் பணத்தை மட்டும் இழப்பவர் அல்லர். பிறர்க்கும் பின்வருவோர்க்கும் உரிய பொருளையும் அழிப்பவர்.

யூபிலி ஆண்டிலே கல்லூரிக்கு நன்கொடை வழங்க விரும்பும் அன்பர் பலர். அவர்களுள் எவரேனும் விஞ்ஞானகூடத்துக்குக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அளிக்க எண்ணுவராயின், கண்ணாடியையும் மீனையும் மட்டும் அளித்துப் படம் பிடித்துச் செல்லாதிருப்பாராக. நுரைநீக்கியையும், மின்தடைக்கு ஈடுகொடுக்கும் மின்கலத்தையும், ஆண்டுதோறும் உப்புக்கும் உதிரிப்பாகங்களுக்கும் ஆகும் செலவையும் சேர்த்தே அளிப்பாராக. கிண்ணத்தைக் கழுவும் பணியை மாணவர் முறைவைத்து ஏற்பாராக. நாறும் அக்கிண்ணத்தைக் கையில் எடுத்துக் கழுவும் மாணவன், ஓர் உயிரை வைத்திருத்தல் என்பது அதன் அழுக்கையும் ஏற்றலே என்பதைப் பாடப்புத்தகமின்றியே கற்றுக்கொள்வான். கடல்மீனின் வண்ணத்தை விரும்புவோர் அவ்வழுக்குக்கும் உரியவராகுக. அதற்கு ஒருப்படாதவர் மீனைக் கடலிலேயே விட்டுவைப்பதே அறம்.