திராட்சைத் தோட்டத்து வண்டிப்பாதை

சைக்கிள் ஓட்டுவதை நிறுத்திவிட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். முட்டி வலி என்பார்கள், நேரமில்லை என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் உண்மைக் காரணம் வெளியே வரும். பயம்! பின்னாலிருந்து அலறும் லாரி ஹாரன், உரசுவதுபோல் கடந்து போகும் கார், எதிரே திடீரென்று திறக்கும் கார் கதவு. காலில் தெம்பு இருந்தாலும் மனசு ஒத்துழைப்பதில்லை.

இந்தப் பயத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாள் முழுக்க சைக்கிள் மிதிக்க ஓர் இடம் உண்டு. கிழக்கு பிரான்ஸில் இருக்கும் பர்கண்டி. உலகிலேயே விலை உயர்ந்த ஒயின்களில் சில இங்கேதான் தயாராகின்றன. ஆனால், சைக்கிளோடு வருகிறவர்களில் பலருக்கு ஒயின் இரண்டாம்பட்சம்தான். குன்றுச் சரிவுகளில், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே, கார் தொல்லை இல்லாமல் வளைந்து போகும் பாதைகளைத் தேடித்தான் வருகிறார்கள்.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், இந்தப் பாதைகள் சைக்கிளுக்காக உருவானவையே அல்ல. ஒரு பாதை ரயிலுக்காகப் போடப்பட்டது. இன்னொரு வகை, பாகப்பிரிவினையால் வந்தது.

ரயில் விட்டுப்போன தடம்

ஜீவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரை ஒரு காலத்தில் ரயில் ஓடியது. கார்கள் பெருகின, ரயில் நின்றது. தண்டவாளம் போன பிறகு மிச்சமிருந்த அந்த நீளமான தடத்தை விற்றுத் தீர்க்காமல், சமன்செய்து தார் போட்டு, 1997-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிட்டார்கள். சுமார் 44 கிலோமீட்டர். பிரான்ஸில் ‘பசுமை வழி’ என்ற பெயரோடு வந்த முதல் பாதை இதுதான். பிறகு நாடு முழுக்க இதேபோலப் பாதைகள் வந்தன. 2004-ல் பிரான்ஸின் சாலை விதிகளிலேயே ‘பசுமை வழி’ தனி வகையாக இடம்பிடித்தது. அதில் மோட்டார் வண்டிக்கு இடமில்லை.

ரயில் தடம் என்பதால் ஒரு சௌகரியம். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. எனவே, சுற்றிலும் குன்றுகள் இருந்தாலும் பாதை மட்டும் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும். பத்து வயதுப் பிள்ளையும் தாத்தாவும் சேர்ந்தே மிதிக்கலாம்.

க்ளூனிக்குத் தெற்கே இன்னொரு ஆச்சர்யம் இருக்கிறது. புவா க்ளேர் சுரங்கம். நீளம் 1.6 கிலோமீட்டர். கொளுத்தும் கோடையிலும் உள்ளே சிலுசிலுவென்று இருக்கும். குளிர்காலத்தில் இந்தச் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். பழுதுபார்ப்பதற்கு அல்ல, வௌவால்களுக்காக! உள்ளே குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும் அவற்றை எழுப்பிவிடக் கூடாது என்பதற்காக சைக்கிள்காரர்கள் வேறு வழியில் போக வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சம பங்கு

தார் போட்ட பசுமை வழி அலுத்துவிட்டால், சரளைக்கல் பாதை பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கே போன் என்று ஒரு சிறு நகரம். செல்போன் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான். அங்கிருந்து சாந்த்நே வரை, பொமார், வோல்னே, மெர்சோ ஆகிய கிராமங்களைத் தொட்டுக்கொண்டு சுமார் 20 கிலோமீட்டருக்கு ‘திராட்சைக் கொடிகளின் வழி’ போகிறது. அதிலிருந்து இடமும் வலமும் கிளை பிரியும் வெள்ளை மண் பாதைகளுக்குக் கணக்கே இல்லை.

ஏன் இத்தனை பாதைகள்? பர்கண்டியில் நிலம் அத்தனை துண்டுகளாகக் கிடக்கிறது. பல நூற்றாண்டுகளாக இங்கே பெரிய தோட்டங்கள் தேவாலயங்கள், மடங்களின் கையில் இருந்தன. 1789 புரட்சிக்குப் பின் அவை பறிமுதலாகி விற்கப்பட்டன. அடுத்து 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த சட்டம், மகன், மகள் என்ற பேதமில்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்றது. தலைமுறைக்குத் தலைமுறை நிலம் பிரிந்தது. வூஷோ என்ற கிராமத்தில், துறவிகள் மதில் கட்டி வைத்த ஒரே தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். இன்று அதற்குள் ஏறக்குறைய 80 உரிமையாளர்கள்! உலகப் புகழ்பெற்ற ரொமானே-கோன்ட்டி தோட்டம் முழுவதுமே நாலரை ஏக்கர்தான்.

தன் துண்டு நிலத்துக்குப் போய்வர ஒவ்வொருவருக்கும் வழி வேண்டும் அல்லவா? அதனால் வண்டிப்பாதைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. ‘க்ளிமா’ எனப்படும், தனித்தனிப் பெயர் கொண்ட இந்த 1,247 நிலத்துண்டுகளை 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தது.

என்ன சைக்கிள் வேண்டும்?

இந்தப் பாதைகளுக்குப் பொருத்தமானது ‘கிராவல் பைக்’. பார்க்க ரேஸ் சைக்கிள்போல வளைந்த ஹேண்டில்பார். ஆனால், டயர் அகலம். ரேஸ் சைக்கிளில் 25, 28 மில்லிமீட்டர் என்றால், இதில் 40 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். காற்றைக் கொஞ்சம் குறைவாக அடித்தால் சரளைக்கல்லில் குலுக்கல் குறையும், பிடிமானம் கூடும். டிஸ்க் பிரேக், ஏற்றத்துக்கு ஏற்ற இலகுவான கியர் இரண்டும் கட்டாயம். போன் நகரத்துக்கு மேற்கே சான்-ரொமான் கிராமத்தைப் பார்த்து ஏறும்போது அந்த கியரின் அருமை புரியும்.

இங்குள்ள பாறை, டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். காய்ந்திருக்கும்போது டயருக்கு அருமையான தளம். மழை பெய்துவிட்டால் அதனோடு கலந்த களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வழுக்கும். இறக்கத்தில் வேகம் கூடாது.

முதல் உரிமை யாருக்கு?

சைக்கிளில் வருகிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. இது பூங்கா இல்லை, வேலை நடக்கிற வயல். கொடி வரிசைகளுக்கு இடையே சுமார் ஒரு மீட்டர்தான் இடைவெளி. சாதாரண டிராக்டர் உள்ளே நுழையாது. எனவே, வரிசையின் இருபுறமும் சக்கரத்தைப் போட்டு, கொடிக்கு மேலே கால் அகட்டி நிற்கும் உயரமான டிராக்டர்களை ஓட்டுகிறார்கள். அது எதிரே வந்தால், இறங்கி ஒதுங்கி வழிவிட வேண்டியது சைக்கிள்காரர்தான். மருந்து தெளிக்கும் நேரத்தில் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஒரு குலைதானே என்று கை நீட்டுவதும் தவறு. அது ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம்.

அந்த வருமானத்துக்கே இப்போது சோதனை. போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகள் 1354-லிருந்து கிடைக்கின்றன. 2019-ல் வெளியான ஆய்வின்படி, 1988-க்குப் பிறகு அறுவடை முன்பைவிட சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. வெயில் கூடியதுதான் காரணம். செப்டம்பர் கடைசியில் அறுவடையைப் பார்க்கலாம் என்று பழைய கணக்கில் போகிறவர்கள், காலிக் கொடிகளைத்தான் பார்ப்பார்கள்.

ஒயினைத் தள்ளி வைத்த ஆசான்

திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டு ஒரு மடக்கு குடிக்காமல் வருவதா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். பிரான்ஸில் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு லிட்டருக்கு 0.5 கிராமைத் தொடக் கூடாது என்ற விதி சைக்கிளுக்கும் உண்டு.

சட்டத்துக்கு முன்பே இதைச் சொன்னவர் ஒருவர் இருந்தார். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவீ (1853-1930). பிரான்ஸில் சைக்கிள் சுற்றுலாவின் தந்தை என்று கொண்டாடப்படுபவர். பசிக்கும் முன் சாப்பிடுங்கள், தாகம் எடுக்கும் முன் குடியுங்கள், வழியில் ஒயின், இறைச்சி, புகையிலை மூன்றையும் தவிருங்கள், ஜம்பத்துக்காக ஒருபோதும் மிதிக்காதீர்கள் என்பவை அவர் வகுத்த விதிகளில் சில. மலை ஏற மாற்று கியர் வேண்டும் என்று ஆயுள் முழுக்க வாதாடினார். டூர் தெ பிரான்ஸ் பந்தயம் டிரெய்லர் கியரை அனுமதித்ததோ 1937-ல்தான். அவர் அப்போது உயிரோடு இல்லை. எழுபது வயதைத் தாண்டியும் மலைப் பாதைகளில் பத்திரமாக மிதித்துவந்தவர், சேன்ட்-எத்தியேன் நகரத் தெருவில் டிராம் மோதி இறந்தார்.

அவருடைய காலத்தில் கிராவல் பைக் என்ற பெயர் இல்லை. அவர் மிதித்த சாலைகளில் பல சரளைக்கல் சாலைகளாகத்தான் இருந்தன. அன்றைக்குக் கார் குறைவு என்பதால் அவை சைக்கிளுக்குத் தாமாகவே கிடைத்தன. இன்று அதே நிம்மதியை யாராவது முடிவெடுத்து ஒதுக்கிக் கொடுத்தால்தான் உண்டு. பர்கண்டிக்காரர்கள் அதற்காகப் புது நிலம் தேடி அலையவில்லை. ரயில் விட்டுப்போன தடத்தை சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். தோட்டக்காரரின் வண்டிப்பாதையில் ஓரமாகப் போய்வர இடம் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் சுரங்கத்தை வௌவாலுக்குக் கொடுத்தார்கள். தாத்தாவும் பேத்தியும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறது.