களாக்காய் போட்ட வேஷம்

பிறந்த நாள் கேக்கின் உச்சியில் சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அதற்குச் செர்ரி என்று பெயர் சொல்கிறோம். ஐஸ்கிரீம் கிண்ணத்தின் தலையிலும் அதுதான். இனிப்புப் பீடாவின் மேல் குச்சியில் குத்தி வைப்பதும் அதுதான். வீட்டில் நாலு குழந்தைகள் இருந்தால், கேக்கை விட்டுவிட்டு அந்தச் சிவப்பு உருண்டைக்காகச் சண்டை நடக்கும். நம் ஊர்க் கடைகளில் அப்படி விற்பதில் பெரும்பாலானது செர்ரியே அல்ல, களாக்காய்.

ஆமாம், முட்செடியில் கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியுமே, அந்தக் களாக்காயேதான். பிஞ்சும் பழமும் அல்லாத பருவத்தில் பறித்து, கீறி விதையை எடுத்து, உப்பு நீரில் ஊறப்போட்டு அதன் புளிப்பையும் நிறத்தையும் கழற்றிவிட்டு, சர்க்கரைப் பாகில் போட்டு, எரித்ரோசின் என்னும் சிவப்புச் சாயத்தைக் கொடுத்தால் செர்ரி தயார். பக்கத்து டப்பாவில் பச்சை, மஞ்சள், சிவப்பாகச் சதுரம் சதுரமாக இருக்கிற டூட்டி ஃப்ரூட்டி, பப்பாளிக்காய். இரண்டும் ஒரே நாடகக் கம்பெனி.

"பெயரில் என்ன ஐயா இருக்கிறது? ருசியாக இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடன்தான் எனக்கு வழக்கு. எந்த ருசியைச் சொல்கிறீர்கள்? களாக்காயின் ருசியை உப்பு நீரோடு கொட்டியாகிவிட்டது. செர்ரியின் ருசி அந்த டப்பாவின் பக்கமே வந்ததில்லை. மிச்சம் இருப்பது சர்க்கரையும், சில சமயம் ஒரு வாசனையும்.

அந்த வாசனையின் பூர்வோத்தரமும் கொஞ்சம் கேளுங்கள். மிட்டாய், சோடா, ஜெல்லி, இருமல் மருந்து எல்லாவற்றிலும் 'செர்ரி' என்று மணப்பது முக்கியமாகப் பென்சால்டிஹைட் என்ற ஒரு சரக்கு. அது கசப்பு வாதுமை எண்ணெயின் வாசனை. அந்த எண்ணெயை வைத்துத்தான் 1832-ல் ஜெர்மனியில் லீபிக், வோலர் என்ற இரு ரசாயன மேதைகள் பெயர்பெற்ற ஆராய்ச்சி ஒன்றைச் செய்தார்கள். செர்ரிக் கொட்டையை உடைத்தால் இந்த மணம் தூக்கலாக வரும்; சதையில் மற்றப் பல மணங்களோடு கலந்துதான் இருக்கும். அதாவது, பழத்தைத் தின்றவன் துப்பிவிடுகிற பகுதியின் வாசனையைத்தான் உலகம் பழத்தின் வாசனை என்று கொண்டாடுகிறது! இப்போது அதற்குக் கொட்டைகூட வேண்டியதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டொலுவீனைக் கொண்டு பீப்பாய் பீப்பாயாகச் செய்துவிடலாம். மலிவு, கசப்பையும் மறைக்கும். ஒரு வாசனை ஊரெல்லாம் பரவ வேறு என்ன தகுதி வேண்டும்?

இருமல் மருந்துக்கு மட்டும் ஒரு நியாயம் உண்டு. அமெரிக்காவில் காட்டுச் செர்ரி மரத்தின் பட்டையை இருமலுக்குக் கொடுப்பது பழைய வைத்தியம். பட்டை போய்விட்டது, மணம் தங்கிவிட்டது. நம் குழந்தைகளோ செர்ரியைக் கண்ணால் காணும் முன்பே மருந்துப் புட்டியில் அதை ருசி பார்த்துவிடுகிறார்கள்!

இந்த வேஷத்தை நாம் கண்டுபிடித்தோம் என்று பெருமைப்படவும் வழியில்லை. ஆட்ரியாட்டிக் கடலோரத்தில் டால்மேஷியாவில் மராஸ்கா என்ற சிறிய புளிப்புச் செர்ரி விளைகிறது. அதிலிருந்து வடித்த மதுவிலேயே அதை ஊறவைத்தார்கள். அதுதான் மராஷினோ செர்ரி. அமெரிக்கர் வேறு செர்ரியை வெளுக்கவைத்துச் சாயம் ஏற்றி அதே பெயரில் விற்றார்கள். 1912-ல் அந்நாட்டு அரசாங்கம், மராஸ்கா அல்லாததற்கு அந்தப் பெயர் கூடாது, 'போலி' என்று போட வேண்டும் என்றது. 1940-ல் அதே அரசாங்கம், சிவப்புச் சாயமும் சர்க்கரையும் வாதுமை வாசனையும் ஏற்றிய எந்தச் செர்ரிக்கும் அந்தப் பெயர் தகும் என்று இறங்கி வந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் போலி அசலாகிவிட்டது. ஆனால் ஒன்று: அங்கே குறைந்தபட்சம் அது செர்ரிதான்.

சாயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எரித்ரோசினை உணவில் சேர்க்கத் தந்திருந்த அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் ரத்து செய்தது. உணவுக் கம்பெனிகளுக்கு 2027 ஜனவரி வரை கெடு. ஏராளமாகக் கொடுத்த ஆண் எலிகளுக்குப் புற்றுநோய் கண்டதே காரணம். மனிதருக்கும் அப்படி வரும் என்பதற்குச் சான்று இல்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, வியாதி பயம் காட்டி உங்களை மிரட்ட நான் வரவில்லை. என் புகார் வேறு.

ஒரு பேக்கரி முதலாளியிடம் கேட்டேன்: "இது களாக்காய்தானே? அப்படியே சொல்லி விற்றால் என்ன?"

"களாக்காய் என்றால் யார் சார் வாங்குவார்கள்?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பதில் அவருடையதும் அல்ல, நம்முடையது. காஷ்மீரத்திலும் ஹிமாசலத்திலும் குளிரில் விளைகிற செர்ரி கோடைக்குச் சில வாரங்கள் வந்து, சீக்கிரம் அழுகிவிடும். விலையோ கேட்க வேண்டாம். அது எட்டாதவர்களுக்கு ஒரு மலிவான கனி வேண்டுமென்றால் களாக்காய் இருக்கட்டும். நான் வேண்டாம் என்றேனா? ஆனால் அது தன் சொந்தப் பெயரோடு நம் வீட்டு விசேஷத்துக்கு வரக்கூடாதாம். 'கிடைக்காத பலாக்காயைவிடக் கிடைக்கும் களாக்காய் மேல்' என்று பழமொழி சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கிடைக்கும் களாக்காய்க்குக் கிடைக்காத செர்ரியின் சட்டையை மாட்டித்தான் பந்தியில் உட்காரவைக்கிறோம். டப்பாவின் முன்புறம் பெரிய எழுத்தில் செர்ரி. சிலவற்றைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'கரோண்டா' என்று ஹிந்திப் பெயர். உண்மையைச் சொன்னது போலவும் ஆயிற்று, நமக்குப் புரியாதது போலவும் ஆயிற்று.

இத்தனைக்கும் அந்தக் காயைச் செடியிலேயே பழுக்க விட்டால் தானே சிவந்து, கறுத்துப்போகும். சாறு ரத்தச் சிவப்பு. சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் தானாகவே ஜாமாக இறுகும். சாயப் பொடி வேண்டியதில்லை. பழுத்தால் குழைந்துவிடும், கேக்கின் மேல் உருண்டையாக நிற்காது என்பார்கள். நிற்க வேண்டாமே! கேக்கின் நடுவில் பூசட்டும். கடையில் பலகை தொங்கட்டும், 'களாப்பழக் கேக்' என்று. முதல் கேக்கை என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பணம் ரொக்கமாகத் தருகிறேன்.