நோட்டில் இருபதுதான் சார்

பிளஸ் டூ வினாத்தாள், பாடப்புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை, அதாவது ‘புக் பேக்’கை, தாண்டவே கூடாது என்று சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். பாடத்துக்குள்ளிருந்து கேட்பது கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகமாம். ஏழைப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர்கள் தலையில் கல்லைப் போடுகிற சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

நான் இயற்பியல் வாத்தியார். கணக்காகவே பேசிவிடுகிறேன். எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் குறைந்தது 15 எடுக்க வேண்டும். செய்முறையும் அகமதிப்பீடும் 30. மொத்தத்தில் 35 வந்தால் பாஸ். ஒரு மதிப்பெண் கேள்விகள் எத்தனை? அதுவும் 15. நண்பரின் ஆசைப்படி அத்தனையும் புக் பேக்கிலிருந்தே வந்தால், பதினோரு பாடத்தின் கடைசிப் பக்கங்களை ‘அ, இ, ஆ, ஈ’ என்று உருப்போட்ட பிள்ளை, ஒரு விதிகூடப் புரியாமலே இயற்பியலில் தேறிவிடும். அப்புறம் எதற்கு இரண்டு தொகுதிப் புத்தகம்? பின்பக்கங்களை மட்டும் தைத்துக் கொடுத்தால் காகிதமாவது மிஞ்சும்.

‘பாடத்திட்டம் உயரத்தில் இருக்கட்டும், தேர்வு எட்டும் உயரத்தில் இருக்கட்டும்’ என்கிறார். கேட்க இதமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நடப்பது வேறு. தேர்வில் வராததை யாரும் நடத்துவதில்லை. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பது அவருக்கு மறந்துவிட்டதா? சென்டம் வியாபாரம் செய்த பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிரிக்காமலே மூட்டை கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் அரைத்தன. 1200-க்கு 1180 வாங்கியவர்கள் பொறியியல் முதலாண்டில் முழி பிதுங்கினார்கள். அதற்காகத்தான் 2017-இல் அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவித்தது. 2018-இலிருந்து புதிய புத்தகங்கள் வந்தன. பாடத்துக்குப் பாடம் கற்றலின் நோக்கங்கள் அச்சாகின. எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி என்று முன்கூட்டியே சொல்லும் புளூ பிரிண்ட் போனது. இப்போது 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் போய்விட்டது. நண்பர் அதற்கும் கை தட்டுகிறார். நீட் கேள்விகளில் ஏறக்குறையப் பாதி பிளஸ் ஒன் பாடம். நீட் வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். ஆனால் அது இருக்கும்வரை, காசுள்ள வீட்டுப் பிள்ளை கோச்சிங்கில் அந்தப் பாதியைப் படித்துக்கொள்ளும். நம் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடம் ஏது?

‘எண்ணை மாற்றிக் கேட்டாலே நம் பிள்ளைகள் தடுமாறுவார்கள்’ என்று எழுதியிருக்கிறார். இது மட்டும் உண்மை. ஏன் தடுமாறுகிறார்கள் என்பதைத்தான் அவர் கேட்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு ஒரு ரிவிஷன் தேர்வு. வகுப்பில் போட்டுக் காட்டிய மின்மாற்றிக் கணக்கையே கொடுத்தேன். 230 வோல்ட்டை 11.5 வோல்ட்டாகக் குறைக்க வேண்டும். முதன்மைச் சுருளில் 400 சுற்று என்றால் துணைச் சுருளில் எத்தனை? விடை 20. தேர்வில் 400-ஐ மட்டும் 600 ஆக்கினேன். பாதி வகுப்புக்கு மேல் 20 என்றே எழுதியிருந்தது. அதில் ஒருத்தியின் தாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சூத்திரம் சரி, வகுத்தது சரி, 30 என்று விடையும் வந்திருக்கிறது. அதைக் குறுக்கே அடித்துவிட்டுப் பக்கத்தில் 20 என்று எழுதிப் பெட்டி வேறு கட்டியிருந்தாள்.

“ஏம்மா அடிச்ச?”

“நோட்டுல இருபதுதான் சார் இருக்கு.”

தனக்குக் கணக்கு வரும் என்பதையே நம்ப முடியாதவளாக அவளை ஆக்கி வைத்தது கேள்வித்தாளா, அல்லது நண்பர் கட்டிக் காக்கச் சொல்லும் இந்தப் பழக்கமா?

ஆசிரியர் இல்லாத பள்ளிகளைப் பற்றி அவர் சொல்வதை மறுக்க மாட்டேன். வருடம் பூராவும் மினிமம் மெட்டீரியலை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, மார்ச்சில் திடீரென்று உள்ளிருந்து கேட்பது அயோக்கியத்தனம்தான். அதற்குக் காலியிடத்தை நிரப்பச் சொல்ல வேண்டும். காலாண்டுத் தேர்விலிருந்தே அப்படிக் கேட்டுப் பழக்கச் சொல்ல வேண்டும். கூரை ஒழுகுகிறது என்று பாயைச் சுருட்டச் சொல்பவரை என்ன செய்ய?

இயற்பியல் தாளில் 24-வது கேள்வியும் 33-வது கேள்வியும் கட்டாயக் கேள்விகள். பெரும்பாலும் கணக்குதான் வரும். பிள்ளைகள் நடுங்குவதும் அங்கேதான், நான் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதும் அந்த இரண்டுக்காகத்தான். அவற்றையும் புக் பேக்கிலிருந்தே எடுக்கச் சொல்கிறார் நண்பர்.

அந்தப் பெண்ணுக்கு, அவள் அடித்த விடையைப் பார்த்து நான் முழு மதிப்பெண் போட்டேன். பொதுத்தேர்வில் கீ ஆன்சரை வைத்துத் திருத்துகிறவர் பெட்டிக்குள் இருப்பதைத்தான் பார்ப்பார்.