கோணமலைக்கு வருவோர்க்குக் கூறத்தக்கவை

வாடைக் காற்றும் மாரியும் ஓய்ந்து கச்சான் வீசத் தொடங்கியதும் கீழைக் கரையில் கடல் அமைதி கொள்கிறது. மேற்குக் கரையில் அலை சீறும் அக்காலமே திருக்கோணமலைக்கு வேனிற் பருவம். சித்திரை முதல் புரட்டாசி வரை உள்நாட்டாரும் பிறநாட்டாரும் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வந்து குழுமுகின்றனர். நீலத் திமிங்கிலத்தைக் காணப் படகேறுவோர் ஒருபால்; 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவின் பவளப் பாறைகளை நாடுவோர் ஒருபால். ஆடி அமாவாசைத் தீர்த்தமும், ஆவணியில் வெருகற் சித்திரவேலாயுதர் திருவிழாவும், கதிர்காமம் நோக்கி நடக்கும் அடியார் கூட்டமும் இப்பருவத்துக்கே உரியவை.

வருவோர் வருக! ஆயின், அவர்கள் இவ்வூரைப் பற்றி யாது அறிந்து மீள்கின்றனர்? கோட்டை வாயிலில் செதுக்கப்பட்டுள்ள இணைக்கயலைப் பலர் நோக்குவதில்லை. உள்ளே திரியும் புள்ளிமானைக் கண்டு மகிழ்ந்து மலையேறிவிடுகின்றனர். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்களே பின்னர் எழுந்த அக்கோட்டைக்கு உதவின என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் அரியர். 1950இல் பழந் திருவுருவங்கள் மண்ணிலிருந்து மீண்டன. 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் கோயிலின் சிதைவுகளைக் கடலடியிற் கண்டனர். 1963 மார்ச்சு 3ஆம் நாள் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட இக்கதையைக் கேளாது மலையிலிருந்து இறங்குவோர் கடற்காட்சி ஒன்றையே கொண்டு செல்கின்றனர்.

வெளியாரைக் குறை கூறுவதில் பயனில்லை. 1895இல் 'மோகனாங்கி' என்னும், தமிழின் முதல் வரலாற்று நாவலை வெளியிட்ட சரவணமுத்துப்பிள்ளையும், அவர் தமையனார் கனகசுந்தரம்பிள்ளையும் இவ்வூரில் தோன்றியவர்கள். 'திருக்கோணாசல வைபவம்' இயற்றிய அகிலேசபிள்ளையும் இவ்வூரினரே. நம் மாணவருள் எத்துணைப் பேர் இப்பெயர்களை அறிவர்?

அறியாமையால் வரும் இடர் சிறிதன்று. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை, இராவணன் தன் அன்னைக்கு ஈமக்கடன் ஆற்றிய இடமாகத் தமிழர் போற்றுவர். பௌத்தச் சின்னங்களும் அங்கே உள. அவ்விடத்தின் உரிமை பற்றிப் பூசல் மூண்டு, 2019இல் தமிழர் அங்கே திரண்டு அறப்போராட்டம் நடத்தினர். இத்தகைய வேளையில் உணர்ச்சி மட்டும் துணை நில்லாது. ஐதிகம் இது, கல்வெட்டுச் சான்று இது, பிறர் விட்டுச் சென்ற சுவடு இது என்று பகுத்துரைக்க வல்லார் வேண்டும். தமக்குரியதை மறைக்கவோ பிறர்க்குரியதை மறுக்கவோ வேண்டாத தெளிவு அத்தகையோரிடமே பிறக்கும்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூறுவோம். பருவகாலத்துச் சனிக்கிழமைகளில் உயர்வகுப்பு மாணவர் சிலரைக் கோட்டை வாயிலிலிருந்து கோயில் வரை வழிகாட்டிகளாக நிறுத்துங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் நான்கு பக்கச் சிறு நூலொன்று அச்சிடுங்கள். மாலையில் நூலகத்தில் இவ்வூர்ப் புலவர் ஒருவரைப் பற்றிய சொற்பொழிவு நிகழட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா, அரசாணையும் வேண்டா. அடுத்த சித்திரைக்குள் ஒரு பள்ளியேனும் இப்பணியைத் தொடங்குமாயின், ஏனைய பள்ளிகளும் பின்தொடரும் என்பது நம் துணிபு.