கடலோரச் சாப்பாட்டுக் கடைகளும் எங்கள் கட்டுச்சோறும்

போன மாதம் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு பயணக் கட்டுரை அனுப்பினார். "படிச்சுப் பாருங்க, அருமையா இருக்கு" என்று கூடவே ஒரு வரி. நான்கு பேர் ஒரு பாய்மரப் படகில் சென்னையிலிருந்து தெற்கே கிளம்புகிறார்கள். மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர், தரங்கம்பாடி. காற்று பார்த்துப் பாய் விரிக்கிறார்கள். பசித்தால் கரைக்கு வருகிறார்கள். கண்ணில் பட்ட கடையில் உட்கார்ந்து இறால் தொக்கும் நண்டு ரசமும் சாப்பிடுகிறார்கள். கடைசியில், மறக்க முடியாத கடைகள் என்று பத்துப் பெயர்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. எழுதியவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அத்தனை கடைகளில் ஒரு கடை வாசலில்கூட அவர்கள் நின்று, "உள்ளே போகலாமா?" என்று யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஏனென்றால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நாங்களும் கடல் பார்க்கப் போயிருந்தோம். கணியம்பாடி ஒன்றியத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஒரு காலனியில் நாங்கள் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். அங்கே படிக்கிற 22 பிள்ளைகளில் கடலைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். ஒரு வேன் பிடித்து மாமல்லபுரம் போகலாம் என்று முடிவானது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர்.

முதல் நாள் பெற்றோர் கூட்டம். வண்டி வாடகை பற்றிக் கேட்பார்கள், பிள்ளைகள் அலையில் இறங்குவது பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்துப் போனேன். முதல் கேள்வி வேறு. அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா கேட்டார்: "சோறு கட்டிக்கினு போயிடலாம் இல்லம்மா?"

"வேணாம் ஆயா, அங்க ஓட்டல்ல சாப்பிட்டுக்கலாம். பணம் இருக்கு" என்றேன்.

"பணம் இருக்கும்மா. உள்ள உக்கார வெப்பாங்களா?"

கூட்டத்தில் இளைஞர்கள் சிரித்தார்கள். ஆயாவின் வயதுப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

கட்டுச்சோறு பற்றி எத்தனை பேர் ஏக்கத்தோடு எழுதியிருக்கிறார்கள்! புளிசோறு, வாழை இலை மணம், ரயில் பயணம், பாட்டியின் கைப்பக்குவம் என்று. எங்கள் வீடுகளிலும் கட்டுச்சோறு உண்டு. அது ருசிக்காகக் கட்டியது மட்டுமல்ல. வழியில் எந்தக் கடை வாசலிலும் போய் நிற்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகக் கட்டியது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கைக் குறிப்பில் இப்படி ஒரு பயணம் இருக்கிறது. 1901ஆம் ஆண்டு. சிறுவனான அவர், அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும், வேலையில் இருக்கும் தந்தையைப் பார்க்கச் சத்தாராவிலிருந்து ரயிலேறுகிறார். மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடையைப் பார்த்துப் பரிவாக விசாரித்த நிலைய அதிகாரி, மகார் சாதி என்று கேட்டதும் முகம் மாறி விலகிப் போகிறார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கையில் சாப்பாடு நிறைய இருந்தது. குடிக்கத் தண்ணீர் தருவார் இல்லை. கட்டிய சோறு கட்டியபடியே கிடக்க, பட்டினியாகப் படுத்தார்கள். பின்னாளில் இந்த நாட்டின் அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைவரானவரின் முதல் பயண அனுபவம் இது.

அதனால்தான் அந்தச் சட்டத்தின் 15ஆவது பிரிவில், இரண்டாம் உட்பிரிவில், கடைகளும் பொது உணவு விடுதிகளும் ஓட்டல்களும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. சாதியைக் காரணம் காட்டி எவரையும் அங்கே தடுக்கக் கூடாது. அரசியல் சட்டத்தில் போய் ஓட்டலைப் பற்றி எழுத வேண்டிய நிலையில் இருந்த நாடு இது. அதை மறந்துவிட்டு உணவு பற்றி எழுதுவது சுலபமாக இருக்கிறது.

"இப்போதெல்லாம் எந்த ஓட்டலில் சாதி கேட்கிறார்கள்?" இந்தக் கேள்வி உடனே வரும், வந்துகொண்டேதான் இருக்கிறது. உண்மைதான், நெடுஞ்சாலை ஓட்டலில் யாரும் கேட்பதில்லை. அங்கே நாம் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாததால் கிடைக்கிற மரியாதையைச் சமத்துவம் என்று எண்ணிக்கொள்கிறோம். நம்மை யாருக்கும் தெரியாத ஊரில் நமக்குக் கிடைக்கிற நாற்காலியை வைத்து எதையும் அளக்க முடியாது. நம் தெரு தெரிந்தவர், நம் அப்பன் பெயர் தெரிந்தவர் நடத்துகிற டீக்கடையில் நமக்கு என்ன குவளை கிடைக்கிறது என்பதுதான் அளவு.

அந்த அளவில் பார்ப்போம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அந்தப் பகுதி டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார்கள். வழக்குப் பதிவானது. ஆட்சியர் போன அன்றே தெரிந்த ஒரு விஷயம், அதற்கு முன் எத்தனை அலுவலர்கள் அந்தப் பக்கம் டீ குடித்துவிட்டுப் போயும் ஏன் தெரியவில்லை? 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில், நிலத்தில் வேலை செய்த தலித் பெண்களுக்குக் கொட்டாங்கச்சியில் டீ கொடுத்தார்கள். படம் வெளியே வந்த பிறகுதான் கைது நடந்தது. தருமபுரி எங்களுக்குத் தொலைவு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் திருப்பத்தூர், அடுத்தது தருமபுரி.

இன்று பல கடைகளில் இரட்டைக் குவளை கண்ணுக்குத் தெரிவதில்லை. பேப்பர் கப் வந்துவிட்டது. எங்கள் ஒன்றியத்திலேயே ஒரு டீக்கடையில் நான் பார்த்தேன். ஊர்த்தெருக்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரருக்கு பேப்பர் கப். கேட்டால், "சுகாதாரம்மா" என்றார் கடைக்காரர். அந்தச் சுகாதாரம் ஏன் ஊர்த்தெருக்காரருக்கு வேண்டாம் என்று கேட்டேன். பதில் இல்லை.

"சாப்பாட்டில் ஏன் சாதியை நுழைக்கிறீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. நுழைத்தது நாங்களா? இந்த மாகாணத்தின் ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியார் கிளர்ச்சி செய்த பிறகு, 1941இல்தான் அது ஒழிந்தது. சுதந்திரம் வந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1957இல், திருவல்லிக்கேணி முரளி கபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒற்றைச் சொல்லை எடுக்க வைக்கத் தொண்டர்கள் பல மாதம் மறியல் செய்து கைதாக வேண்டியிருந்தது. அந்தச் சொல் போனது. 'உயர்தர சைவ உணவகம்' என்ற பலகை இன்றும் ஊருக்கு ஊர் தொங்குகிறது. சைவத்துக்கு மட்டும் அந்த உயரம் எங்கிருந்து வந்தது என்று எந்த உணவு எழுத்தாளரும் கேட்பதில்லை.

பழைய கதை என்று நினைப்பவர்கள் ஆம்பூருக்கு வாருங்கள். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூர் பிரியாணி என்றால் அதில் மாட்டுக்கறி பிரியாணியும் உண்டு. தோல் தொழிற்சாலைத் தொழிலாளிகளின் சாப்பாடு அது. திருவிழாவில் அதற்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. இது பாகுபாடு என்று மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் ஆட்சியரைக் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே பந்தி போடுவதைவிடப் பந்தியே வேண்டாம் என்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

அந்தப் பயணக் கட்டுரை புகழ்ந்த கடற்கரைக்கும் ஒரு கதை உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, நாகப்பட்டினத்தில் அழுகிய உடல்களைத் தூக்க வெளியூர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் எந்தச் சமூகம் என்று சொல்லத் தேவையில்லை. அதே கரையில் நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்களைச் சேர்க்க மறுத்ததையும், உணவும் தண்ணீரும் பகிர மறுத்ததையும் மனித உரிமை அமைப்புகள் அறிக்கைகளாகப் பதிவு செய்திருக்கின்றன. அலை எல்லோரையும் ஒன்றாக அடித்தது. சோறு போடும்போது மறுபடியும் பிரித்தார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் சட்டம், இன்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் இருப்பது, கடையில் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. அபராதம் 100 ரூபாயிலிருந்து 500 வரை. கடற்கரை ஓட்டலில் இரண்டு தட்டு இறால் அதைவிட அதிகம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் இன்னும் வலுவானது. கடைக்குள் நுழையவிடாமல் தடுப்பதும், பொதுப் பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் வன்கொடுமை. ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் புகார் கொடுக்க வேண்டியவருக்குக் கூலி வேலை அந்தத் தெருவில், கடன் அந்தத் தெருவில், டிராக்டர் அந்தத் தெருவில். ஒரு கிளாஸுக்காக அத்தனையும் இழக்க யார் துணிவார்?

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். விக்டர் கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936இல் ஒரு கையேடு போட்டார். தங்களை மதித்துச் சாப்பாடு போடும் கடைகள், தங்க இடம் தரும் விடுதிகள் எங்கெங்கே என்று ஊர்வாரியாகப் பட்டியல். முப்பது ஆண்டுகள் அது வெளிவந்தது. அதுவும் மறக்க முடியாத உணவகங்களின் பட்டியல்தான். இதற்கிடையில் 1960இல் கிரீன்ஸ்போரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள், தங்களுக்குப் பரிமாறாத மேசையில் போய் உட்கார்ந்தார்கள், எழுந்திருக்க மறுத்தார்கள். பட்டியலும் வேண்டும், உட்காருவதும் வேண்டும்.

நம் கையேட்டை நாம் எழுதுவோம். ஒவ்வொரு ஊரிலும் ஒரே குவளையில் டீ தரும் கடையின் பெயரை எழுதுங்கள், அவர்களுக்கு அந்த மரியாதை சேரட்டும். தராத கடையைப் பற்றிப் புகார் எழுதி, தனியாளாக அல்ல, அமைப்பாகச் சேர்ந்து, மாவட்டக் கண்காணிப்புக் குழுவிடம் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆட்சியர் தலைமையில் அது கூடியாக வேண்டும் என்பது விதி. கூடுகிறதா என்று கேளுங்கள். ஆட்சியர்களுக்கும் ஒரு கோரிக்கை: கிராமத்துக்குப் போகும்போது டீயை அலுவலகத்துக்கு வரவழைக்காதீர்கள். கடைக்கு நடந்து போய்க் குடியுங்கள், காலனிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

என் பட்டியலில் முதல் கடை மாமல்லபுரத்தில் இருக்கிறது. கடலில் ஆடிவிட்டு ஈர உடையோடு அத்தனை பேரும் போய் உட்கார்ந்தோம். சோறு, மீன் குழம்பு, ரசம். விசேஷமாகச் சொல்ல ருசியில் ஒன்றுமில்லை. சாப்பிட்டு முடித்ததும், எங்களோடு வந்திருந்த ஆயா தன் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு குழாய் எங்கே என்று தேடினார். கழுவி வைத்துவிட்டுப் போக. அவர் வயதில் அத்தனை வருடமும் டீக்கடையில் அப்படித்தான் செய்திருக்கிறார். அவரைப் பார்த்து இரண்டு பிள்ளைகளும் தட்டோடு எழுந்தார்கள்.

பரிமாறிக்கொண்டிருந்த பையன் ஓடி வந்தான். "வெச்சிடுங்கம்மா, அது எங்க வேலை" என்று கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டான்.

திரும்பும் வழியில் ஆயா அதிகம் பேசவில்லை. செங்கல்பட்டு தாண்டிய பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கட்டிக்கினு வந்த சோறு அப்படியே கீதும்மா. பசங்களுக்கு ராத்திரிக்குக் குடுத்துடலாம்."

நான் வேண்டாம் என்று சொல்லியும் அவர் சோறு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். அந்த மூட்டை தேவைப்படாத நாள் வரைக்கும் நமக்கு வேலை இருக்கிறது.

ஜெய்பீம்.