கேல்ட்ரான் வந்தது, கைட் வரவில்லை

தமிழக அரசுப் பள்ளிகளுக்குக் கேரளத்து நிறுவனம் ஒன்று மூன்று வகைச் சரக்குக்கு ஒப்பந்தம் எடுத்தது. 8,209 பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், 22,931 தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறை, 79,723 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி. மொத்த மதிப்பு ஏறத்தாழ 1,076 கோடி ரூபாய். எடுத்தது அந்த மாநில அரசின் பொதுத்துறை நிறுவனமான கேல்ட்ரான். சென்னையில் முடிவான இந்தக் கணக்கில், கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கடைசி வட்டாரங்களான சூளகிரிக்கும் தளிக்கும் பங்கு உண்டு. கர்நாடகத்து மாலூருக்குப் போகும் வழியில் இருக்கும் பேரிகை போன்ற ஊர்களுக்கும் திரையும் கணினியும் வருவதை யாரும் குறை சொல்ல முடியாது. வரட்டும், இன்னும் வரட்டும்.

ஆனால் இப்படிப்பட்ட கொள்முதலில் திரைக்கு அளவு உண்டு, கணினிக்கு உத்தரவாதக் காலம் உண்டு, பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்றுகூட விதி உண்டு. திரைக்கு முன்னால் நிற்கப் போகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதற்கு மட்டும் விதி கிடையாது. ஓசூர் சிப்காட்டில் ஒரு சி.என்.சி. இயந்திரத்தை இறக்கினால், அதை ஓட்டப் படித்தவர் வருகிற வரை அதன் மேல் போட்ட உறையைப் பிரிக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் உறையைப் பிரிப்பதே திறப்பு விழாவாகிவிடுகிறது.

ஆளே போடவில்லை என்று சொல்ல முடியாது. நடுநிலைப் பள்ளி ஆய்வகங்களுக்கு 'நிர்வாகி மற்றும் பயிற்றுநர்' என்ற பெயரில் ஒப்பந்த நிறுவனம் வழியாக ஆட்கள் வந்தார்கள். பலர் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர்கள். சம்பளம் மாதம் பதினோராயிரத்துச் சொச்சம். கணினி அறிவியலில் பி.எட். முடித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர், 'எங்களை விட்டுவிட்டு இவர்களா?' என்று போராடினார்கள். அவர்கள் கோபம் நியாயம். அந்தச் சம்பளத்துக்கு ஆய்வகத்தைக் கட்டிக் காப்பவர்கள் மீதும் பழி இல்லை.

இந்தக் கதை புதிதுமல்ல. 1999-இல் மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கணினிப் பயிற்றுநர்கள் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வழியாக ஒப்பந்தத்தில் வந்தார்கள். பின்னால் சிறப்புத் தேர்வு, வழக்கு, பணிநீக்கம் என்று பல ஆண்டுகள் இழுத்தது. 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள்; ஓவியம், தையல், உடற்கல்வியோடு கணினியும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2019-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 814 முதுநிலைக் கணினிப் பயிற்றுநர் பணியிடங்களுக்குத் தேர்வு நடத்தியது. முறையாக நடந்த வேலை என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். ஆனால் அங்கும் எடுக்கப்பட்டவர்கள் கணினியைப் பாடமாக நடத்துகிறவர்கள். கணினியைக் கொண்டு பின்னத்தையும் ஒளிச்சேர்க்கையையும் இந்தப் பகுதியின் பாராமகால் வரலாற்றையும் எப்படி நடத்துவது, எந்த இடத்தில் திரையை அணைத்துவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்புவது என்று தெரிந்தவர் வேறு ஆள். பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, கருவி அறிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடமே ஆசிரியரின் தொழில் என்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புண்ய மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இலேயே எழுதினார்கள். உலகம் முழுக்க ஆசிரியர் கல்வியில் அது பாடமாகிவிட்டது. நாமோ இன்னும் மூன்றாவதை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, அதற்கு ஒரு ஒப்பந்தக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மிஸ்ராவும் கோலரும் சொன்னது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் எல்லையோர வகுப்பறை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பேரிகை, சூளகிரி, தளி, கெலமங்கலம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு, கன்னடம் பேசும் பிள்ளைகள் உண்டு. தெலுங்குவழி, கன்னடவழி அரசுப் பள்ளிகளும் உண்டு. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி அவர்கள் தமிழையும் படிக்க வேண்டும். மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கேட்டு நீதிமன்றப் படி ஏறுவதும் நடக்கிறது. போதாக்குறைக்கு, ஓசூர் தொழிற்சாலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் குழந்தைகள். இவர்கள் முன்னால் இருக்கும் திரையில் ஓடுவது என்ன? கல்வித் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிகளும் மணற்கேணி செயலியின் காணொளிகளும் பெரும்பாலும் தமிழிலும் ஆங்கிலத்திலும்தான். தெலுங்கிலும் கன்னடத்திலும் பாடப் புத்தகம் அச்சிட்டுத் தரும் அரசு, அதற்கு இணையான காணொளியைத் தர இன்னும் தயாராகவில்லை.

வேண்டியது இணையத்தில் கிடக்கிறது என்பதுதான் வேடிக்கை. மத்திய அரசின் தீக்ஷா தளத்தில் ஆந்திரத்தின் தெலுங்குப் பாடங்களும் கர்நாடகத்தின் கன்னடப் பாடங்களும் இருக்கின்றன. பெங்களூரின் ஐ.டி. ஃபார் சேஞ்ச் அமைப்பு, கர்நாடகக் கல்வித் துறையோடு சேர்ந்து, அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே உருவாக்கிய திறந்த பாடவளத் தளமும் இருக்கிறது. ஆனால் அவை அந்தந்த மாநிலப் பாடத்திட்டத்துக்குச் செய்தவை. அலகுகளின் வரிசை மாறும், கலைச்சொல் மாறும், எடுத்துக்காட்டு மாறும். வரலாற்றில் கதையே மாறும். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த நிலங்களில் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகாலும் ஒன்று. நமக்கு அது கும்பெனி ஆட்சி வந்த கதை. கர்நாடகத்துப் பாடத்தில் அதே போர் மைசூரின் கதை. இரண்டையும் எடுத்து, வெட்டி, ஒட்டி, நடுவே இரண்டு கேள்விகளை வைத்து, ஒரு தெலுங்குவழி எட்டாம் வகுப்புக்கு முக்கால் மணி நேரப் பாடமாக ஆக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இந்த வட்டாரத்தில் இருந்தால், எந்த நிறுவனமும் விலைக்குத் தர முடியாத பாடம் அது. மாலூரும் மாஸ்தியும் எல்லைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் உறைக்கும் விதமே தனி.

மதிப்பீட்டிலும் இதே சிக்கல். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் செயலியில் பதிய வேண்டும். தெலுங்கில் கூட்டிக் கழிக்கத் தெரிந்த குழந்தை தமிழில் கேட்டால் விழிக்கும். செயலிக்கு அது எண் தெரியாத குழந்தை. எண் தெரியவில்லையா, மொழி தெரியவில்லையா என்று பிரித்துச் சொல்லக் கருவியின் வரம்பை அறிந்த ஆசிரியர் வேண்டும். அதற்குத்தான் கல்வித் தொழில்நுட்பம் என்ற படிப்பு.

அப்படிப்பட்டவர் இப்போதும் ஆங்காங்கே இருக்கிறார். தன் ஆர்வத்தில் கற்றுக்கொண்டவர். விழுப்புரம் மாவட்டம் சத்தியமங்கலம் அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் திலீப் போன்ற சிலருக்கு 2020-இல் தேசிய நல்லாசிரியர் விருது வரை கிடைத்தது. விருது கிடைக்காத மற்றவர்களுக்குக் கிடைப்பது எமிஸ் இணையப் பதிவு. கணினி தெரிந்த ஆசிரியர் ஒரு பள்ளியில் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும், வருகைப் பதிவு, இலவசப் பொருள் கணக்கு, ஆதார் திருத்தம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அவர் தலையில். எமிஸ் பணியிலிருந்து விடுவிக்கச் சொல்லித் தொடக்கக் கல்வி ஆசிரியர்கள் 2023-இல் சென்னையில் திரண்டதை மறந்துவிட முடியாது. இன்றைய நிலையில் கல்வித் தொழில்நுட்பத்தில் ஒருவர் பட்டம் பெற்று வந்தால், மாவட்டத்திலேயே அதிகம் படித்த பதிவு எழுத்தராகத்தான் அவர் ஆக்கப்படுவார்.

படிப்புக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி பி.எட். படிப்பில் தகவல் தொழில்நுட்பத்துக்கு ஒரு தாள் உண்டு. எம்.எட். படிப்பில் விருப்பப் பாடமாக எடுக்கலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பத்துக்கென்றே துறை இருக்கிறது. இக்னோ முதுநிலைப் பட்டயப் படிப்பை அஞ்சல்வழியில் நடத்தியிருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி. 2010-இல் இதற்கெனத் தனி முனைவர் பட்டத் திட்டம் தொடங்கியது. ஆனால் இவற்றில் எதைப் படித்தாலும் அரசுப் பள்ளியில் அதற்கென்று ஒரு நாற்காலி கிடையாது.

சான்றிதழுக்கோ பஞ்சமே இல்லை. நிஷ்டா என்ற ஆசிரியர் பயிற்சி 2020-இல் இணையத்துக்கு மாறிய பிறகு தீக்ஷாவில் சான்றிதழ் குவிகிறது. அது எப்படிக் கிடைக்கிறது என்பது ஆசிரியர்களுக்குள் ரகசியமல்ல. சமையல் நடக்கும்போது கைப்பேசியில் காணொளி ஓடும். முடிவில் நான்கு விடையில் ஒன்றைத் தட்ட வேண்டும். தவறினால் மறுபடி தட்டலாம். ஆசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாடம் நடத்திக் காட்டாமலே கற்பிக்கும் திறனுக்குச் சான்று தரலாம் என்று முடிவு செய்தது யார் என்பதுதான் கேள்வி.

இதற்கிடையே, உழைத்துப் படிக்க வைத்த ஒரே தூண்டுதலையும் அரசு எடுத்துவிட்டது. உயர்கல்வி முடித்த ஆசிரியருக்குத் தரப்பட்டு வந்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச் மாத அரசாணையோடு நின்றது; பின்னர் வந்தது ஒரே முறை கொடுத்து முடிக்கும் ஒரு தொகை. ஊக்க ஊதியத்துக்காகவே ஏதோ ஒரு எம்.எட்., ஏதோ ஒரு எம்.ஃபில். என்று வாங்கியவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. சீர்செய்ய வேண்டியதை நிறுத்திவிட்டார்கள் என்பதே என் வருத்தம். இந்தக் காயத்தோடு, பணியில் இருப்பவர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்ற 2025 செப்டம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சேர்ந்திருக்கிறது. இந்த நேரத்தில் 'இன்னொரு சான்றிதழ்' என்று யாராவது வாய் திறந்தால் ஆசிரியர் சங்கங்கள் சும்மா இருக்காது. இருக்கவும் வேண்டாம். கட்டாயப்படுத்தினால் இதுவும் இன்னொரு தட்டும் பரீட்சையாகிவிடும்.

கேல்ட்ரான் எந்த மாநிலத்து நிறுவனமோ அந்த மாநிலம் ஆசிரியர் விஷயத்தில் என்ன செய்தது என்பதை நம் அதிகாரிகள் விசாரித்திருக்கலாம். கேரளத்தில் 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் தொடங்கியது. 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. 45,000 வகுப்பறைகளைத் திரையும் கணினியுமாக மாற்றியது பெரிய செய்தி. அதைவிடப் பெரிது, அதன் தலைமைப் பயிற்றுநர்கள் பள்ளி ஆசிரியர்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் என்பது. கணக்கு வாத்தியார், இயற்பியல் டீச்சர், மலையாள ஆசிரியர் என்று வகுப்பறை தெரிந்தவர்கள். பள்ளிக்குப் பள்ளி ஒருங்கிணைப்பாளராக ஓர் ஆசிரியர். மென்பொருளும் கட்டற்றது, ஆகவே பாடத்துக்கு ஏற்றபடி அவர்களே மாற்றிக்கொள்ள முடிகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் தொலைக்காட்சியில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் நடந்தபோது தமிழ்வழி, கன்னடவழிக் குழந்தைகளுக்கும் தனியாக வகுப்புகள் தயாராயின. கேரளத்தின் எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, நம் எல்லையோரத் தெலுங்குப் பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கவில்லை? கேல்ட்ரானை அழைத்த நாம் கைட்டை எட்டிப் பார்க்கவில்லை.

ஆளில்லாத கருவிக்கு உலகம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான மதிப்பீட்டில், கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்று தெரிந்தது. அதற்கும் முன்பே, 2011-இல், நாம் மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவிட்டோம்.

இனி என்ன செய்யலாம்? புதிய பதவி உருவாக்க நிதி இல்லை என்பார்கள். பதவி ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்குப் போய் ஆசிரியருக்குத் துணைநிற்க வந்தவர்கள், இன்று விவரம் கேட்டுத் தொலைபேசியில் துரத்துகிறவர்களாகிவிட்டார்கள். வட்டாரத்துக்கு ஓர் இடத்தையாவது கல்வித் தொழில்நுட்பத்துக்கு ஒதுக்கலாம். அதற்குத் தகுதியாக, பணியில் இருக்கும் ஆசிரியர் இரண்டாண்டு படிக்கும் முதுநிலைப் பட்டயம் ஒன்றை ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வழங்கலாம். பாரதிதாசன் துறையின் அனுபவமும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் கட்டடமும் கைவசம் இருக்கின்றன. எழுத்துத் தேர்வுக்குப் பாதி மதிப்பெண் போதும். மீதி, தன் வகுப்பில் தன் பிள்ளைகளின் மொழியில் உருவாக்கி நடத்திய பாடங்களுக்கு. அவற்றை இன்னொரு பள்ளி ஆசிரியர் எடுத்து நடத்திப் பார்த்துச் சொல்லும் கருத்துக்கு.

கிருஷ்ணகிரி மாவட்டம் இதற்கு முதல் களமாகலாம். பாகலூர் வழியாக எல்லை தாண்டிப் போனால் சர்ஜாபுரம். அங்கே கல்வியியல் முதுகலைக்குப் பேர்போன அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இருக்கிறது. சனிக்கிழமை வகுப்புக்கு மாநில எல்லை தடையாக இருக்க வேண்டியதில்லை. ஓசூரைச் சுற்றியுள்ள நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி ஸ்மார்ட் போர்டாக வந்து பெயர்ப்பலகையோடு சுவரில் ஏறுகிறது. அதே பணத்தில் பத்து ஆசிரியர்களின் படிப்புக் கட்டணத்தையும் கட்டி, அவர்கள் விடுப்பில் இருக்கும் நாளுக்கு மாற்று ஆசிரியரையும் போடலாம். புகைப்படம் அவ்வளவு நன்றாக வராது, அவ்வளவுதான்.

அரசாணையில் ஊதியம், தகுதி, பணியிடம் ஆகியவற்றோடு இன்னொரு வரியும் வேண்டும்: இந்தப் பணியிடத்தில் இருப்பவருக்கு எமிஸ் பதிவோ புள்ளிவிவரச் சேகரிப்போ ஒதுக்கக் கூடாது. சங்கங்கள் பேச்சுவார்த்தைக்குப் போனால் முதலில் கேட்க வேண்டியது அந்த வரியைத்தான்.