மாத்திரை அட்டையில் ஒரு வரி தமிழ்

பொட்டிப்புரத்துத் தோட்டக் கூலியாளர் ஒருவர் சென்ற திங்கள் எம் இல்லம் போந்தார். மகனின் சட்டைப்பையிலிருந்து எடுத்த வெற்று மாத்திரை அட்டையொன்றை நீட்டி, "இதுல என்னங்கய்யா எழுதியிருக்கு?" என்றார். தபெண்டடால் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. கடும்வலிக்கு மருத்துவர் அளந்து தரவேண்டிய அம்மருந்து அபினியின் ஆற்றல் வழியது. அதனைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் கொடும்பழக்கம் தமிழிளைஞரிடையே பரவிவருகின்றது. கஞ்சாவை மணத்தாலேயே அறியும் கம்பம் பள்ளத்தாக்குத் தந்தைக்கு இது மணமில்லாப் பகை. 'பழகினால் விடாது' என்று தமிழில் ஒரு வரி அவ்வட்டையில் இருந்திருப்பின், அவர் முன்பே விழித்திருப்பாரன்றோ!

அடித்துத் திருத்திவிடலாம் என்றார் அவர். யாம் மறுத்தோம். அபினிவகை மருந்துகள் மூளையிலுள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொள்வன. பழகிய உடல், அவை கிட்டாதபோது நடுங்கும், வியர்க்கும், உறக்கம் இழக்கும். அதனை அடி மாற்றாது, மருந்து மாற்றும். செருமனியில் 1930களின் இறுதியில் உருவான மெத்தடோனை, நியூயார்க்கு மருத்துவர்கள் 1960களில் இந்நோய்க்குப் பயன்படுத்திக் காட்டினர். 1966இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட புப்பிரனார்பின் அதனினும் நுட்பமானது. அஃது ஏற்பியை இறுகப் பற்றும். ஆயின் அரைகுறையாகவே தூண்டும். ஆகலான் தவிப்பு அடங்கும். மூச்சொடுங்கும் ஏதமும் குறையும். வியப்பென்னவெனில், இதன் மூலப்பொருளான தீபைனும் அபினிச் செடியிலிருந்தே கிடைக்கின்றது. நம் அடுக்களைக் கசகசாவும் அச்செடியின் விதைதான்!

இம்மருந்தும் வழிதவறியதுண்டு. வலிநீக்கும் ஊசிமருந்தாக வந்த புப்பிரனார்பினைச் சென்னையில் 1990களில் மயக்கத்திற்காகவே ஏற்றிக்கொண்டோர் பலர். பகிர்ந்துகொண்ட ஊசிவழி நோய்களும் பரவின. நாவடியில் வைக்கும் மாத்திரையில் நலோக்சோனைச் சேர்த்தது, கரைத்து ஊசியில் ஏற்றுவதைத் தடுக்கவே. திங்களுக்கொருமுறை தோலடியில் செலுத்தும் புப்பிரனார்பினுக்கு அமெரிக்கா 2017இல் ஒப்புதல் வழங்கிற்று. நாள்தோறும் மருந்துக்காக ஊர்விட்டு ஊர் செல்லின் கூலியிழக்கும் ஏழைக்கு ஏற்றது இதுவே. விலையோ அவன் கைக்கு எட்டாதது.

மெத்தடோனையும் புப்பிரனார்பினையும் உலக நலவாழ்வு நிறுவனம் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது 2005இல். அபினிவகைப் பொருள்களால் இடருற்று உதவி வேண்டுவோர் இந்தியாவில் ஏறத்தாழ 77 நூறாயிரவர் என 2019இல் வெளியான நடுவணரசின் கணக்கெடுப்பே கூறுகின்றது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அபினி ஆலை நடத்துகின்றது. இதே பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து நியூத்திரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் 1,500 கோடி உருபாவுக்கு ஒப்புதல் வழங்கிய நடுவணரசு, திங்கள் ஊசியை எளிய விலையில் ஆக்கித்தரும் ஆய்வுக்கு ஏன் கை நீட்டலாகாது? வலிமருந்து அட்டைதோறும் அவ்வம் மாநில மொழியில் எச்சரிக்கை பொறிக்க ஆணையிடுதற்குப் பணமும் வேண்டுவதில்லையே!

காவலர்க்கு அஞ்சியே பலர் மருத்துவரை நாடுவதில்லை. 1985ஆம் ஆண்டு மயக்கப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு, தன் பயன்பாட்டுக்காகவோ சிற்றளவுக்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமை, தானே முன்வந்து ஏற்புபெற்ற மருத்துவமனையில் மருத்துவத்தை முழுமையாகப் பெறின் வழக்கிலிருந்து காக்கின்றது. இதனையும் அத்தந்தைக்குத் தமிழில் எடுத்துரைத்தோம்.

அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் முதற்பேருந்தில், மகனுடன், கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்பட்டார்.